துவேஷம், சார்

ஆயுத பூஜைக்கு மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட் சாலையில், உடைந்த பூசணிக்காய்மேல் டயர் ஏறாமல் வண்டி ஓட்டுவதே தனி வித்தை. குங்குமம் கலந்த அந்தச் சிவப்பு வெள்ளைச் சிதறலைப் பார்த்தால் மற்றவர்களுக்கு வழுக்கி விழும் பயம் வரும். எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் நிரந்தரம் ஆகாதவன். பக்கத்து மெஷினில் ஓர் அண்ணன். பூந்தமல்லியிலிருந்து வருவார், கழுத்தில் சிலுவை. கம்பெனிக்கு வந்து இறங்கிய முதல் பிரஸ் அவருடையது. முதல் மெஷினை ஓட்டுகிறவர்தான் ஆயுத பூஜையன்று வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிற மனிதர், வருஷத்தில் ஒருநாள் எங்கள் எல்லோருக்காகவும் காயைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றி ஒரே போடாகப் போடுவார். அதில் அவருக்குப் பெரிய பெருமை. அன்றைக்கு மட்டும் மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்திருந்தார். நல்ல மாதிரி என்றுதான் எல்லோரும் சொன்னோம். கூட்டிப் பெருக்குகிறவரைக்கூட வாங்க போங்க என்பார். பூஜைக்கு முந்தின நாள் அண்ணனின் தோளில் கைபோட்டு, "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா சாங்கியம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. இந்த வருஷம் தம்பி உடைக்கட்டும்" என்று சிரித்தார். தம்பி என்றது என்னை. நானும் சிரித்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு.

டீ நேரத்தில் அண்ணன் கிளாஸைப் பார்த்தபடியே சொன்னார்: "கோவம்னா கத்துவான். பொறாமைன்னா மூஞ்சில தெரியும். இது சிரிச்சிகினு வருது. இதுக்கு ஒரு வார்த்த கீதே, இன்னாடா அது?"

எனக்குத் தெரியும். துவேஷம். மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள், ரேடியோ செய்தியில் வரும். எங்கோ தொலைவில் கடை எரிந்தால், ஆள் வெட்டுப்பட்டால் வருகிற வார்த்தை. தோளில் கைபோட்டு "ஒண்ணும் இல்லீங்க" என்பதற்கும் அதுதான் பெயரா? யோசிக்க யோசிக்க, அதுதான் என்று பட்டது. ஆனால் மேனேஜர் காது கேட்கும் தூரத்தில் நின்றிருந்தார். வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

மறுநாள் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். பூசணிக்காயின்மேல் கற்பூரம் எரிந்தது. அண்ணன் கடைசி ஆளாகக் கைகட்டி நின்றார். மீசையில் எண்ணெய் இல்லை. வழக்கமாகக் கூச்சலும் கேலியுமாக இருக்கும் இடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடைக்க மாட்டேன் என்றால் வேலை போகும். உடைத்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? இதற்குச் சரியான முடிவு மயங்கி விழுவதுதான். அதற்கும் முயன்று பார்த்தேன், வரவில்லை.

தூக்கினேன். முதல் சுற்று சுற்றினேன். இரண்டாவது சுற்றில் வியர்த்த கையிலிருந்து காய் நழுவியது. கேட்டுக்கு வெளியே உடைய வேண்டியது உள்ளேயே, மேனேஜரின் காலடியில் சிதறியது. வெள்ளை பேன்ட்டில் முழங்கால் வரை குங்குமம்.

"என்னப்பா இது?" என்றார்.

வியர்வை சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் சொல்லாமல் விட்ட வார்த்தை முந்திக்கொண்டது.

"துவேஷம், சார்."

அந்த முகத்திலிருந்து சிரிப்பு போனதை அன்றுதான் பார்த்தேன். லாரிக்கு என்று வாங்கிய இன்னொரு காய் இருந்தது. அதை எடுத்து எனக்கு அடுத்து நின்றவரிடம் நீட்டினார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்கடுத்த வெல்டரும் அப்படியே. இன்னொருவர் வானத்தில் எதையோ தேடினார். நல்ல நேரம் முடியப்போவதாகப் பூஜைக்கு வந்திருந்த ஐயர் நினைவூட்டினார். மேனேஜர் ஒவ்வொருவராகத் தாண்டிக் கடைசியில் அண்ணன் முன்னால் வந்து நின்றார்.

அண்ணன் உடனே வாங்கவில்லை. "சாங்கியம் இன்னா ஆச்சு சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேனேஜர் தன் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்களே உடைங்க" என்றார்.

ஒரே போடு. போட்டுவிட்டு அண்ணன் என்னிடம் வந்தார். "ஒரு வார்த்த கேட்டா காதுல சொல்ல மாட்ட? பூசணிக்காய போட்டுத்தான் சொல்லுவியா நைனா?"

எனக்கு நிரந்தரம் தள்ளிப்போனது. அன்று உடனிருந்தவர்கள் இன்றும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். அது வெறும் வியர்வை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்புவதில்லை.

இப்போது வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். போன ஆயுத பூஜைக்கு லிஃப்டுக்கும் ஜெனரேட்டருக்கும் பூசணிக்காய் உடைத்த கையோடு, குடியிருப்போர் கூட்டம் நடந்தது. மூன்றாவது மாடியில் வாடகைக்கு வீடு கேட்டு வந்திருக்கும் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவங்க மேல ஒண்ணும் இல்ல சார். ஆனா நம்ம பில்டிங்குக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு பாருங்க" என்றார் செயலாளர், சிரித்துக்கொண்டே. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு இருமல் வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அந்தச் சிவப்பு வெள்ளைச் சிதறல் ஈரம் காயாமல் கிடந்தது. இந்த முறை நழுவ விடுவதற்குக் கையில் எதுவும் இல்லை. உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.