கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தவர்

போஸ்டரில் நான்கு பேர். மேடையிலும் நான்கு பேர். காதில் விழுவதோ ஐந்து பேர் வாசிப்பது. இந்தக் கணக்கு இருபது வருஷமாக யாருக்கும் உதைக்கவில்லை. அந்த ஐந்தாவது ஆள் மேடையின் இடப்பக்கம், கறுப்புத் துணித் திரைக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தார். குழுவில் அவருக்குப் பெயர் ‘பின்பாட்டு’. பெயர் வைத்த டிரம்ஸ்காரர், அதைப் பாராட்டாகத்தான் வைத்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்பு பின்பாட்டு ஒரு பெரிய ஹோட்டலின் லாபியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே நல்ல வாசிப்பு என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத வாசிப்பு. அதற்கப்புறம் ஸ்டூடியோ வேலை. காலையில் பற்பசை விளம்பரம், மத்தியானம் யாரோ ஒருவருடைய காதல் தோல்வி, சாயங்காலம் லிஃப்ட் கம்பெனிக்காகக் கதவு திறக்கும்போது ஒலிக்கிற மூன்று நொடி. எந்தத் தாளை நீட்டினாலும் ஒரே மூச்சில் பார்த்து வாசித்துவிட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் நாற்காலியைக் காலி செய்துவிடுவார். கேசட் உறைகளில் ‘மற்றும் பலர்’ என்று போட்டிருக்குமே, அந்தப் பலரில் இவரும் ஒருவர். சில கேசட்டுகளில் அந்தப் பலரே இவர் ஒருவர்தான்.

ராக் குழுவின் மேனேஜர் அவரைத் தேடி வந்தது அப்போதுதான்.

“சார், நீங்க வாசிக்கலைன்னா எங்க பாட்டெல்லாம் வெறும் எலும்புக்கூடு. ஆனா மேடையில கீபோர்டைப் பார்த்தா எனக்கு ஹோட்டல் லாபி ஞாபகம் வருது. ராக்னா வேர்வை தெரியணும் சார்.”

பின்பாட்டுக்கும் வேர்க்கத்தான் செய்தது. திரைக்குப் பின்னால் மின்விசிறி கிடையாது. அந்த வேர்வைக்குச் சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

திரையில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, ஒரு ஓட்டை இருந்தது. யாரோ சிகரெட்டால் சுட்டது. கத்தரிக்கோலால் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டார். அதன் வழியே பாடகரின் முதுகு தெரியும். பாடகருக்குக் குரல் உண்டு, முடி உண்டு, தாளம் மட்டும் கொஞ்சம் தகராறு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் தண்ணீர் குடிப்பார், கூட்டத்தோடு பேசுவார், எதையோ யோசிப்பார். மறுபடி பாடப் போகிறார் என்றால் இடது தோள் ஓர் அங்குலம் ஏறும். தோள் ஏறும்வரை பின்பாட்டு அதே நான்கு ஸ்வரக்கட்டுகளைச் சலிக்காமல் சுற்றிச் சுற்றி வாசிப்பார். மற்றவர்கள் அதன் மேல் சவாரி செய்வார்கள். தோள் ஏறியதும் எல்லோரையும் பத்திரமாகக் கொண்டுபோய் அடுத்த வரியில் இறக்குவார். ‘மேடையில் என்ன ஒரு நிதானம்!’ என்று பத்திரிகைகள் பாடகரை மெச்சின.

இதெல்லாம் அவருக்குப் பெரிய வருத்தமாக இருந்ததில்லை. வருத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவருடைய மகள், ஐந்தாம் வகுப்பு. எங்கப்பா ராக் குழுவில் வாசிக்கிறார் என்று வகுப்பில் பெருமையடித்திருக்கிறாள். பக்கத்து பெஞ்சுக்காரி மறுநாளே போஸ்டரோடு வந்து, “இதுல உங்கப்பா எங்கே, காட்டு” என்று கேட்டுவிட்டாள். மகள் அந்தப் போஸ்டரைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, டிரம்ஸுக்குப் பின்னால்கூடத் தேடினாள்.

“அப்பா, நிஜமாவே நீங்க வாசிக்கிறீங்களா?”

“உங்கப்பா அங்கே டீ வாங்கிக் குடுக்கப் போறாரும்மா” என்றான் மைத்துனன். வீட்டோடு இருக்கிற மைத்துனன். வாய்க்கு விடுமுறையே கிடையாது.

வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கலாமே என்றால், அது வேறு கதை. அண்டை வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்று அவர் ஹெட்போன் மாட்டியே பயிற்சி செய்வார். ஆக, அந்தக் குடும்பம் அவருடைய கலையில் கேட்டதெல்லாம் பிளாஸ்டிக் கட்டைகளின் டக் டக் சத்தம்தான்.

பின்பாட்டு வாழ்க்கையில் முதல்முறையாக வாய் திறந்து மேனேஜரிடம் ஒன்று கேட்டார். “ஒரே ஒரு தடவை மேடையில உட்கார்ந்து வாசிக்கணும். என் பொண்ணு பார்க்கணும்.”

“அதுக்கென்ன சார், பேஷா!” என்றார் மேனேஜர். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே உஷாராகியிருக்க வேண்டும். “சின்ன உதவி மட்டும். உங்க பங்கு முழுசையும் ஒருதடவை ரெகார்ட் பண்ணிக் குடுத்துடுங்க. சும்மா ஒரு பாதுகாப்புக்கு.”

மூன்று நாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஒரு பிசிறு இல்லாமல் வாசித்துக் கொடுத்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அதையும் இவ்வளவு சுத்தமாகச் செய்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

மூன்றாவது பாட்டில் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். “பாடகர் இந்த இடத்துல எப்ப உள்ள வருவார் சார்?”

“அது அவருக்கே தெரியாதுப்பா. பதினாறு எண்ணி விடு. அதுக்குள்ள வந்துடுவார்.”

நிகழ்ச்சி ஒரு விளையாட்டு மைதானத்தில், மாலை நான்கு மணிக்கு. மேடையில் வெள்ளி ஸ்டாண்டு, அதன் மேல் புத்தம்புது கீபோர்டு. முதல் வரிசையில் மனைவி, மைத்துனன், நடுவில் மகள். பின்பாட்டு உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். சத்தமில்லை. குனிந்து பார்த்தார். பின்பக்கம் ஒயரே இல்லை.

மேனேஜர் காதருகே வந்தார். “ரெகார்டிங் அவ்வளவு சுத்தமா வந்திருக்கு சார். அதையே போட்டுடலாம். நீங்க கையை மட்டும் அசைங்க. எப்படியும் நீங்க வாசிச்சதுதானே?”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அதிலிருந்த அநியாயம். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். வாசித்த காலத்தில் மேடை இல்லை. மேடை வந்தபோது வாசிப்பு இல்லை. அவருடைய பழைய கீபோர்டு வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் ஒயரோடு இருந்தது. ரெகார்டிங்கை நம்பாத சவுண்டுக்காரர், இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்.

முதல் இரண்டு பாட்டுக்கும் பின்பாட்டு ஊமைக் கட்டைகளை ஒன்றுவிடாமல் சரியாக அழுத்தினார். மகள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சிரித்தார்.

மூன்றாவது பாட்டில் பாடகர் திடீரென்று நல்லவராகிவிட்டார். பாட்டு தொடங்கி, பாட வேண்டிய இடத்தில் பாடாமல், மைக்கோடு பின்பாட்டின் பக்கம் திரும்பினார்.

“இந்த மனுஷனை இருபது வருஷமா நீங்க பார்த்ததில்ல. ஆனா கேட்டிருக்கீங்க. இந்தக் கை இருக்கே, இந்தக் கைதான் எங்களையெல்லாம் தாங்கிப் பிடிச்ச கை...”

பதினாறு எண்ணி முடிந்தது. ரெகார்டிங் காத்திருக்கவில்லை. அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போனது, டிரம்ஸ்காரர் அதன் பின்னால் ஓடினார், கிதார்கள் பாடகருக்காக நின்றன. இந்தக் களேபரத்தின் நடுவில் மைதானமே கை தட்டியது. இருபது வருஷத்தில் தனக்கென்று விழுந்த முதல் கைதட்டல். பின்பாட்டு நெகிழ்ந்துபோய், எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

கீபோர்டு தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது முன்வரிசை. அப்புறம் சிரிப்பு பின்னால் பரவியது. மகளின் கை மெதுவாகக் கீழே இறங்கியதை அவர் பார்த்தார்.

அடுத்த நொடி அவர் மேடையில் இல்லை. திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் விழுந்து, மேடையோரம் இருந்த சவுண்டுக்காரரைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். ரெகார்டிங் செத்தது. அந்த நான்கு ஸ்வரக்கட்டுகளைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். டிரம்ஸ் வந்து சேர்ந்தது, கிதார்கள் சேர்ந்தன. ஓட்டை வழியே பார்த்தால் பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குடிக்கட்டும் என்று காத்திருந்தார். இடது தோள் ஏறியது. மைதானம் முழுவதும் கூடச் சேர்ந்து பாடியது.

திரும்ப மேடைக்குப் போனால் மேடையில் ஆள் இருப்பார், பாட்டில் உயிர் இருக்காது. அதனால் கடைசிப் பாட்டுவரை அங்கேயே இருந்தார். அப்படி ஒரு வாசிப்பை அதற்கு முன்பு அவரே வாசித்ததில்லை. கோபத்திலும் அவமானத்திலும் கை தானாகப் பறந்தது. வெளியே வெள்ளி ஸ்டாண்டு காலியாக நின்றது.

எல்லாம் முடிந்து, வண்டி நிறுத்துமிடத்தில் குடும்பம் காத்திருந்தது.

“என்ன அத்தான், பாதியிலேயே எஸ்கேப்பா?” என்றான் மைத்துனன்.

“சும்மா இருடா” என்றாள் மனைவி. ஆனால் அவளும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்பாட்டு மகளின் முன்னால் குனிந்தார். “நான் ஓடலம்மா. திரைக்குப் பின்னால போயி நிஜமாவே வாசிச்சேன். மூணாவது பாட்டுலேருந்து கடைசிவரைக்கும் கேட்டது எல்லாம் நான்தான்.”

மகள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வீட்டுப்பாடம் எழுதிட்டேன், நோட்டை மட்டும் மறந்துட்டு வந்துட்டேன் என்று சொல்கிற பிள்ளையை டீச்சர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க போனப்புறம் ரெகார்டிங்கை நல்லா சரி பண்ணிட்டாங்கப்பா. சூப்பரா இருந்துச்சு” என்றாள். பிறகு, மாமாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, “கவலைப்படாதீங்க. கிளாஸ்ல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள்.