எலிக்குக் கிடைக்கும் மருந்து

மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் நரம்பு செல்களை வளர்ப்பது அவள் வேலை. எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் பரப்பி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்துப் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வாள். அடிபட்ட செல்லை அப்படியே விட்டுவிட்டால் சுருண்டு சாகும். வளர்ச்சிக் காரணி என்கிற புரதத்தைச் சொட்டு விட்டால் பல செல்கள் பிழைத்துக்கொள்ளும். முதல்முறை பார்த்தபோது அவளுக்கு மெய்சிலிர்த்தது.

இப்போது பார்த்ததும் பெட்டியை மூடிவிடுகிறாள். பெயிண்டரான அவள் கணவன் ஏணியிலிருந்து விழுந்து, மண்டையில் அடிபட்டு, ஒரு பக்கம் அசைவில்லாமல் கிடக்கிறான். பேச்சும் குழறல்.

மாமியார் விடுவதாக இல்லை. "ஊர்ல இருக்கிற எலிக்கெல்லாம் மருந்து, என் பிள்ளைக்கு மட்டும் இல்லையா? உன் கையிலதானே இருக்கு?"

"அது இன்னும் ஆராய்ச்சிதான் அத்தை. ரத்தத்துல ஏத்தினா மூளைக்குள்ள நுழையாது. எலிக்கு மண்டையில துளை போட்டுல்ல கொடுக்கிறோம்."

"மனசு இருந்தா வழி இருக்கும்."

காலை, மாலை இதே பேச்சு. தப்பென்று தெரிந்தே ஒருநாள் ஃப்ரீசரிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்தாள். மாமியார் முகம் மலர்ந்தது. ஊசியோடு கட்டிலருகே நின்றவளுக்குக் கை எழவில்லை.

கணவன் கண் திறந்தான். "என்ன... அது?"

மறைக்காமல் சொன்னாள். அவன் கோணலாகச் சிரித்தான். "வால்... முளைச்சா... நீதான்... பொறுப்பு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குப்பியைக் கழுவுதொட்டியில் கொட்டினாள்.

"பாவி!" என்றார் மாமியார். அதுதான் அவளிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை.

மறுநாள் ஆய்வகத் தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. ஃப்ரீசர் சாவியை வாங்கிக்கொண்டார். "விழுந்த உடனே கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு எங்களுக்கே தெரியாதும்மா."

அது ஆறுதலா, அடியா என்று அவளுக்கு விளங்கவில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது. விடாவிட்டால் தினமும் அந்தத் தட்டுகளின் முகத்தில்தான் விழிக்கவேண்டும். விடவில்லை.

வீட்டில் மாமியார் எதையும் மகன் வழியாகத்தான் சொல்கிறார். "உப்பு போதலைன்னு அவகிட்ட சொல்லுடா." அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருபவர், "நல்ல முன்னேற்றமா இருக்கே!" என்று வியந்தார். எதிரிலேயே உட்கார்ந்திருப்பவள், மாமியார் சொன்னது காதில் விழுந்தும் விழாததுபோல, அவன் வாயிலிருந்து கடைசி எழுத்து வரும்வரை காத்திருக்கிறாள். எழுந்து போக இடமில்லை.