கையில் கொடுத்தனுப்பிய சட்டை

நர்ஸ் வேலையில் கழுவுவதை முதல் நாளே சொல்லித் தருவார்கள். எதைக் கழுவக் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. வெள்ளை உடுப்பில் திட்டு வாங்கும் தோழிகளே, உங்களுக்குத் தெரியாததல்ல. இதில் முதல் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை செய்த மல்லிகா சொன்னது.

நெருங்கிய உறவினர்

பக்கத்து ஊரான மேருவில் தொழிற்சாலைக்குப் போகும் பெண், தலை உடைந்து வந்தாள். சாந்தி என்பது நான் வைத்த பெயர். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றான் புருஷன். பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான் என்றாள் அவள். சட்டையின் கை கிழிந்து, ரத்தமாக இருந்தது. வழக்கப்படி சட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளியே நின்ற நெருங்கிய உறவினரிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புருஷனிடம்தான்! மல்லிகா கேட்டதற்கு சிஸ்டர் சொன்னாராம்:

"வேற யாருகிட்ட கொடுக்கிறது? பாவம், அழுதுகிட்டு நின்னாருலா."

தலைப்பு

நான் அப்போது கோலாலம்பூரில் பட்டப்படிப்பின் கடைசி வருடம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் பார்த்த முதல் ஆள். விரிவுரையாளர் முன் நின்றாலே சொல்ல வந்ததில் பாதி மறந்துவிடும். அடிபட்டு வருபவர்களின் உடையையும் காயத்தையும் நர்ஸ்கள் சாட்சியமாகப் பாதுகாப்பது பற்றி ஆய்வு செய்கிறேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். தடயவியல் தாதிமை என்று அதற்குப் பெயரே இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

"அது போலீஸ் வேலைம்மா. கை கழுவுறதைப் பத்தி எழுது, சுலபமா பாஸ் பண்ணிடலாம்."

விடவில்லை. கெஞ்சித்தான் கையெழுத்து வாங்கினேன்.

இஸ்திரி

பேட்டிக்காக மல்லிகா என்னைச் சாந்தியிடம் அழைத்துப் போனாள். சாந்தி போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் தன் அக்கா வீட்டில் இருந்தாள். சட்டை எங்கே என்றேன். எடுத்து வந்து மடியில் விரித்தாள். வார்டை விட்டுக் கிளம்பும் நாளில் அவனே துவைத்து, கிழிந்த கையைத் தைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தானாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் சொன்னது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது.

"கொடுத்து வச்சவங்க அக்கா நீங்க."

காவல் நிலையம்

தனியாகப் போகப் பயந்தாள், நானும் போனேன். எனக்கும் பயம்தான். அதிகாரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழுக்கி விழுந்தாலும் இதே காயம்தான் என்றார். வழக்கு அதற்கு மேல் நகரவில்லை.

"இவ்வளவு சுத்தமா இருக்கே, இதுல நான் என்னம்மா பார்க்கிறது?"

ஆய்வை ஒப்படைத்த பிறகும் மனம் ஆறாமல் அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ், மேட்ரனிடமே போய்க் கேட்டேன்: நோயாளியின் துணியைப் புருஷனிடம் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதியும் கிடையாதாம், எல்லோரும் தாமாகவே அவ்வளவு ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறார்கள்.