மேல்வரிசையில் நாலு வெள்ளைத் திட்டு

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. நான் படித்த மூன்று வருடமும் வேலைக்குப் போனவள் என் அக்கா என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்பக்கம் இல்லை; தடுப்புக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில். ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்க்க வேண்டும், கீறல் விழுந்தால் பாலிஷ் போட வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான். கவுன்ட்டருக்கு வந்து நாலு பேரிடம் பேச வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

"கவுன்ட்டர்ல நிக்கறவங்க சிரிச்ச முகமா இருக்கணும்மா" என்று முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டாள். கடையில் 'ஸ்கூல் பாப்பா' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டாள்.

கிளிப்பைக் கழற்றிய அன்று நானும் கூடப் போனேன். பல் வரிசை கோடு போட்டதுபோல நேராக இருந்தது. கண்ணாடியில் பார்த்த அக்கா சிரிக்கவில்லை.

"இது என்ன டாக்டர், சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி?"

கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி, நாலு பல்லில் வெள்ளைத் திட்டு. டாக்டரம்மா காற்றடித்துக் காயவைத்துப் பார்த்தார்.

"கிளிப்பைச் சுத்தி அழுக்கு தங்கி, எனாமல்ல இருக்கற சத்து கரைஞ்சிருக்கு. சொத்தைக்கு முதல் படி. நல்லவேளை, குழி விழல. இனிப்பா ஏதாவது அடிக்கடி குடிப்பீங்களா?"

லென்ஸ் தூளில் தொண்டை காய்கிறது என்று நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிப்பவள் அவள். "எப்பவாவது" என்றாள். நான் வாயைத் திறந்தேன். என் காலை மிதித்தாள்.

பல்லில் ஃபுளோரைடு பூசி, ஒரு பேஸ்டும் எழுதிக்கொடுத்தார் டாக்டரம்மா. "நாலு மாசம் பொறுங்க. கொஞ்சம் கொஞ்சமா மங்கும். போகாததுக்கு அப்புறம் வேற வழி பார்க்கலாம்."

படியிறங்கும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள். "அடுத்த மாசம் கவுன்ட்டர்ல ஒரு இடம் காலியாகுது. இவங்க நாலு மாசங்கறாங்க! ஒரு கறையை எடுக்க எனக்கு அஞ்சு நிமிஷம் போதும்."

"அக்கா, அது கறை இல்ல. உள்ள சத்து போயிருக்கு..."

"பட்டம் உன்னோடது, பல்லு என்னோடதுடா. வாயை மூடிட்டு வா."

அந்த வாரமே, மதிய இடைவேளைகளில், லென்ஸுக்குப் போடும் பாலிஷ் தூளைப் பிரஷ்ஷில் தொட்டு அந்த நாலு பல்லையும் தேய்த்திருக்கிறாள். ஆறு நாள். ஏழாம் நாள் தண்ணீர் பட்டாலே துள்ளினாள்.

டாக்டரம்மா கத்தியே விட்டார். "ஏற்கெனவே மெலிஞ்ச எனாமலைத் தேய்ச்சா என்னம்மா மிஞ்சும்? லென்ஸ் உடைஞ்சா வேற மாட்டலாம். இதுக்கு எங்க போவீங்க?"

தேய்க்கத் தேய்க்கக் குறையும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? அவள் பிழைப்பே அதுதானே. அதனாலேயே எரிச்சல் இரண்டு மடங்கானது. வீட்டில் பாத்திரங்கள் எல்லாம் சத்தமாக உட்கார்ந்தன.

கவுன்ட்டர் இடம் காலியானபோது அவளாகவே கேட்காமல் இருந்துவிட்டாள். புதிதாக ஒரு பெண்ணை வைத்தார்கள். அவளுக்குத் தெத்துப்பல். வாய்விட்டுச் சிரித்துச் சிரித்து வியாபாரம் செய்கிறாளாம்.

ஐந்து மாதத்தில் இரண்டு திட்டுகள் மறைந்தன, இரண்டு மங்கின. பல் கூச்சமும் அடங்கியது. அக்கா நேராக முதலாளியிடம் போய்க் கேட்டாள்.

"நீ முன்னாடி வந்துட்டா பின்னாடி யாரும்மா தேய்ப்பா?" என்றார் அவர்.

"இதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருந்தா என் பல்லாவது சும்மா இருந்திருக்கும் சார்."

போன வாரம் வேறொரு கடையில் கவுன்ட்டர் வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்று போனாள். "பாலிஷ் வேலை தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டார்களாம்.

"தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.