மீசை மாட்டிக்கொண்டு வைத்த சோறு

"அம்புட்டும் தெரியணுமாக்கும் உங்களுக்கு. ஆடி அமாவாசையன்னைக்கு எங்க மாடியில காக்கா ஏன் அப்படிக் கத்துச்சுன்னு தெரியாட்டி சோறு இறங்காதோ?" கேட்கிறவர்களை இப்படித்தான் முதலில் திட்டுகிறேன். திட்டிவிட்டுச் சொல்லிவிடுவேன் என்பது அவர்களுக்கும் தெரியும்.

திருப்பரங்குன்றத்தில் இருக்கிற எங்கள் வீட்டு மாடியை ஒரு பெண் இரண்டு மாதத்துக்குக் கேட்டாள். மதுரையில் நெசவுக்காரக் குடும்பம், வீட்டுக்குள் வேறு பாஷை பேசுகிறவர்கள். பெரிய படிப்பு படிக்கிறாள். காக்கைக்கு மனுஷ முகம் ஞாபகம் இருக்குமா, ஒரு காக்கை கண்டுகொண்டதை மற்ற காக்கைகளும் கற்றுக்கொள்ளுமா என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். "எனக்கு ஒரு நாத்தனா இருக்கா. அவளுக்கு ஒரு மூஞ்சி புடிக்கலன்னா ஊருக்கே புடிக்காமப் பண்ணிருவா. அவளைப் போயிப் பாரு, ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றேன். சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டாள்.

அவளிடம் இரண்டு ரப்பர் முகமூடிகள் இருந்தன. ஒன்றில் பெரிய மீசை. இன்னொன்று மழுமழு முகம். முதல் வாரம் மீசையை மாட்டிக்கொண்டு வலை விரித்து ஏழெட்டுக் காக்கைகளைப் பிடித்தாள். காலில் கலர் வளையம் போட்டுப் பறக்கவிட்டாள். அப்புறம் தினமும் காலையில் இந்த முகத்தோடோ அந்த முகத்தோடோ மாடியில் நடப்பாள். மழுமழுவைக் கண்டால் காக்கைகள் சும்மா இருக்கும். மீசையைக் கண்டால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். எத்தனை கத்தின என்று நோட்டில் எழுதிக்கொள்வாள். வளையம் போடாத காக்கைகளும் கத்தத் தொடங்கிய அன்று எனக்கு அல்வா வாங்கி வந்தாள்.

மாடியில் யாரும் காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாது என்று மட்டும் கேட்டிருந்தாள். "அதுலயும் மீசைக்காரன் கையால ஒரு வாய் தின்னுருச்சுன்னா அம்புட்டுத்தான் பாட்டி. எல்லாத்தையும் மொதல்ல இருந்து பண்ணணும். எனக்கு அதுக்கு நாள் இல்ல" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். காலண்டரைப் பார்த்துவிட்டு ஆட்டியிருக்க வேண்டும்.

அமாவாசை வந்தது. அவள் வீட்டிலும் அமாவாசை, வரவில்லை. என் மகன் சரவணப்பொய்கையில் முழுகி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். காக்கை தின்றால்தான் நாங்கள் இலை போட முடியும். வேறு மாடியில் போய் வைக்கலாமே என்பீர்கள். அவர் எங்கள் மாடிக்கு வருகிறவர். அடுத்த வீட்டில் இலை போட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

நானே வைத்துவிட்டு வருகிறேன் என்று மகனை உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். என் மூஞ்சியோடு வைத்தால் காக்கைகள் என்னைப் பார்த்துப் பழகி அந்தப் பிள்ளையின் கணக்கைக் கெடுத்துவிடும் என்று பயம். முகமூடி போட்டால் அவள்தான் என்று நினைத்துக்கொள்ளும் அல்லவா? மாடியில் அவள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். மழுமழுவைத்தான் முதலில் எடுத்தேன். பக்கத்தில் மீசை கிடந்தது. அச்சு அசல் எங்கள் வீட்டுக்காரர் மீசை. தன் முகத்தைக் கண்டால் சட்டென்று வருவார் என்று தோன்றியது. அவள் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ.

இலையை வைத்துக் கூப்பிட்டேன். குன்றத்துக் காக்கை முழுக்க வந்துவிட்டது. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. ஒன்று என் உச்சந்தலையில் இறக்கையால் அடித்தது. முகமூடியைக் கழற்றினேன். கழற்றியதையும் பார்த்துக்கொண்டிருந்தன போல, என்னைப் பார்த்தும் கத்தின. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "வாங்க, கோவிச்சுக்காதீங்க" என்று கெஞ்சினேன். கீழே மகன் பசியோடு இருக்கிறான். மேலே அவர் பசியோடு இருக்கிறார். மணி மூன்றாகிவிட்டது. இலையிலிருந்து மூன்று வாய்ச் சோற்றை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, இலையோடு இறங்கி வந்தேன். இலையைக் காட்டினேன். அப்பா சாப்பிட்டுவிட்டார் என்று மகன் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் அந்தப் பெண் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். மீசையில் பருப்பு காய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன், மூன்று வாயை மட்டும் விட்டுவிட்டு.

"ஒண்ணாச்சும் தின்னுச்சா பாட்டி?"

குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த மகன் முந்திக்கொண்டான். "தின்னுச்சே. மூணு வாய் கொறஞ்சிருந்துச்சு."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்குப் போன் போட்டு அவர்கள் பாஷையில் பேசினாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அழுகிறாள் என்பது மட்டும் புரிந்தது. மகனைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"தின்னல. நான்தான் எடுத்தேன்" என்றேன்.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். "சத்தியமா?" என்றாள். சத்தியமாக என்றேன். மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவை சொன்னேன். உடனே நோட்டை எடுத்து, எத்தனை காக்கை கத்தியது என்று கேட்டாள்.

"நாப்பதுக்கு மேல இருக்கும். நானும் கத்துனேன், வேணும்னா சேர்த்துக்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். மகன் சிரிக்கவில்லை. வாயில் நுரையோடு நின்றான்.

"அப்ப அப்பா சாப்பிடாம நான் சாப்பிட்டனா?"

இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. அவர் பசியோடுதான் போனாரா என்று எனக்கும் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயம் தெருவுக்குப் போய்விட்டது. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாலு பேர் சுற்றி நின்று, அமாவாசைச் சோற்றைக் காக்கை தொடவில்லையாமே, உங்க வீட்டுக்காரருக்கு என்ன கோபம் என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்டார்கள்.

"அவருக்கு என்ன கோவம்? அவரு மூஞ்சியை மாட்டிக்கிட்டுல்ல வச்சேன். ஆயுசுல ஒரு நாளு கரண்டியைத் தொட்டு ஒருத்தருக்குச் சோறு போட்டிருப்பாரா அந்த மனுசன்? திடீர்னு வந்து இலை போட்டா காக்கா எப்படித்தா நம்பும்?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.