கடைசிப் பக்கத்தில் நாலு வரி

நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பட்டு நூலைச் சாயத்தில் முக்கிய கையாலேயே மூன்று நாவல் எழுதி, மூன்றையும் நானே அச்சுப்போட்டு விற்றிருக்கிறேன். எம்.ஏ. படித்தவன் எவனாவது இந்த ஊரில் அதைச் செய்திருந்தால் வந்து காட்டட்டும்.

கதைக்கு முன்னால் கருவை ஒரே வரியில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவேன். அந்த வரிக்கு உதவாதவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் என் கதையில் நிற்க முடியாது. மூன்றாவது நாவலுக்கு ஒட்டியது, ‘தம்பி சொத்தைத் தின்றவன் நன்றாகவே வாழ்வான்.’ அப்படி வாழ்ந்தவனைக் கண்ணால் பார்த்தவன் நான். சென்னையில் ஒரு பதிப்பாளர், முடிவில் அவனுக்குத் தண்டனை கொடுங்கள், போடுகிறேன் என்றார். கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவனிடம் கொடுத்தேன். முந்நூறு பிரதி. கட்டு வீட்டுக்கு வந்ததும் ஒன்றைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். என் கதை பாதிப் பக்கத்தில் முடிகிறது. தம்பியை ஏமாற்றிய அண்ணன் பேரப்பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து பாயசம் குடிக்கிறான். அதற்குக் கீழே நான் எழுதாத நாலு வரி. அண்ணனுக்கு இரண்டு கண்ணும் போய், பெருமாள் சன்னதியில் விழுந்து அழுதானாம். தர்மம் வென்றதாம். சுபமாம்.

நேரே அச்சகத்துக்குப் போனேன்.

“யாரைக் கேட்டுடா எழுதினே?”

“பாதிப் பக்கம் வெள்ளையா கெடந்துதுண்ணா. நம்ம கடையில அப்படி விடறதில்ல. கீழ நல்லதா நாலு வார்த்தை போட்டுத்தான் பழக்கம்.”

“இது என்ன உன் மச்சினன் கல்யாணமா?”

“கோச்சிக்காதீங்கண்ணா. அவ்ளோ அயோக்கியன் பாயசம் குடிச்சிக்கினு இருந்தா, படிக்கிறவங்களுக்கு வயிறு எரியாதா?”

“எரியணும்னுதான்டா ரெண்டு வருஷம் எழுதினேன். தண்ணி ஊத்த உன்னை யாரு கூப்பிட்டது?”

மேலே வெள்ளைக் காகிதம் ஒட்டித் தருகிறேன் என்றான். ஒட்டினதை நகத்தால் பிய்த்துப் படிப்பார்கள், எனக்குத் தெரியாதா? வீட்டிலிருந்த கட்டுகளை ஆட்டோவில் அச்சகத்துக்கே திரும்பக் கொண்டுவந்து, அவனிடமே இரும்பு ஸ்கேலும் பிளேடும் வாங்கி உட்கார்ந்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அச்சு எதுவும் இல்லை. அது ஒன்றுதான் அவன் செய்த நல்லது. முந்நூறிலும் கீழ்ப்பாதியை அறுத்தேன். பத்திரிகை வாங்க வந்த கல்யாண வீட்டார் முன்னாலேயே அறுத்தேன். “நானும் அறுக்கிறேண்ணா” என்று அச்சகக்காரன் பக்கத்தில் வந்தான். “உன் கை இதுல பட்டதே போதும்” என்றேன். அன்றிலிருந்து அவன் வணக்கத்துக்கு நான் பதில் வணக்கம் போடுவதில்லை.

பத்து நாள் கழித்து ஐயம்பேட்டையிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார்.

“என்னாங்க, கடைசித் தாளு பாதிதான் இருக்குது. அந்தப் பாவிக்கு என்னா ஆச்சுன்னு மீதியிலதானே போட்டிருப்பீங்க?”

“ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கான்.”

“அதெப்படிங்க அவனை அப்படியே விடுவீங்க?” என்று ஆரம்பித்தவர், என்னையும் என் எழுத்தையும் கால் மணி நேரம் திட்டினார். நடுவில் தன் சொந்த அண்ணனையும் சேர்த்துத் திட்டினார். குறுக்கே பேசாமல் முழுசும் கேட்டேன்.