வெட்டி எடுத்த இருமல்

அரக்கோணம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருஷம் கத்தியவள் நான். ரிட்டயர் ஆன பிறகு அந்தத் தொண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்காரரிடம் கத்தினேன். பொறுக்க முடியாமல் அவர்தான் ஒருநாள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப ஆள் தேடுகிறார்களாம்.

அப்படித்தான் பள்ளிப்பட்டுப் பெண் ஒருத்திக்கு, பி.ஏ. படிப்பவளுக்கு, வரலாற்றுப் புத்தகம் வாசிக்க ஆரம்பித்தேன். செல்போனில்தான் பதிவு. எங்கள் வீடு இருக்கும் திருத்தணியில் சத்தமில்லாத நேரத்துக்கு எங்கே போவது? கிருத்திகை என்றால் தெருவெல்லாம் அரோகரா, மற்ற நாளில் பஸ் ஹாரன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்வை வழிய உட்காருவேன். எல்லாம் அடங்கியதும் பக்கத்து அறையில் இவர் இருமுவார்.

முதல் மூன்று பாடங்கள் இருமலோடேயே போய்விட்டன. பிறகு வெட்டக் கற்றுக்கொண்டேன். போன் திரையில் என் குரல் சின்னச் சின்னக் கோடுகளாக ஓடும். இருமல் விழுந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு நெட்டுக்குத்தாக நிற்கும். அதை விரலால் பிடித்து அழித்துவிடுவேன். ஆடியில் ஒரு பாடத்துக்கு இரண்டோ மூன்றோதான் இருந்தது. ஐப்பசியில் பக்கத்துக்குப் பக்கம் வெட்ட வேண்டியிருந்தது. எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"கொஞ்ச நேரம் அடக்கிகினு இருக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"நீ படிமே, நான் வெளிய குந்திகினு இருக்கேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அன்றைக்குத் தூறல் வேறு.

மார்கழியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார். "ஒரு பத்து நாளா இருக்குங்க" என்றார் இவர். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அழித்தவள் நான்தானே. "ஆடியிலேருந்துங்க" என்றேன்.

"அப்ப இத்தினி மாசம் இன்னாம்மா பண்ணிகினு இருந்தீங்க?"

படித்துக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். மாசி முடியும் வரைகூட அவர் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. சித்திரையில் அந்தப் பெண் போன் செய்தாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். என் வீட்டு விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டு இன்னொன்றும் கேட்டாள்.

"ம்மா, மொத மூணு பாடத்துல பின்னாடி ஒருத்தர் அப்பப்ப இருமுவாரு. எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கும். அப்பறம் இருமலே காணோம், நல்லாயிட்டாருன்னு சந்தோஷப்பட்டேன். அவருக்கு ஒடம்பு சரியாயிடுச்சுங்களா?"

"ஆங்" என்றேன். "சரியாயிடுச்சும்மா."